அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை

என் அம்மணிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட இப்போது நானும் அம்மாவும் மட்டும்தான் மிச்சம். ஊருக்கு நீ நாச்சம்மாள். சினிமாவுக்கும் டிவிக்கும் நளினா. அந்த இரண்டு பேருக்கும் எழுத எனக்கு ஒன்றுமில்லை. இது அம்மணிக்கு.

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. என்னென்ன செய்யவேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீ இருந்தபோது உன்னை ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடாதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். எனக்குச் செய்யவேண்டியது வேறொன்று இருக்கிறது. நீ போனில் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களாண்ணா?" என்று கேட்டாய். "ஒண்ணுஞ் சொல்லலியாம். தூங்கிப்போட்டாங்களாம்" என்றேன். எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் உனக்குச் சொன்னேன். அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை, அம்மணி.

நீ கோயமுத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குக் கண் போனது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். முன்னாலேயே கூட்டிவந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பா அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பெருந்துறைப் பக்கத்தில் இருந்த நம் வெள்ளாமைக் காட்டையும் கிணற்றையும் பெரியப்பா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பெங்களூரில் ஆராய்ச்சி செய்யக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு, நான் இங்கே கோயமுத்தூரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்தச் சேர்ந்தேன். காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிவந்தேன். நீ படிப்பு முடிந்ததும் மெட்ராஸ் பஸ் ஏறினாய். சொல்லிக்காட்டுகிறானே என்று நினைப்பாய். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்லிக்காட்டுவேன்?

உன்னுடைய முதல் நாடகங்களை எழுதியவன் நான். காலேஜ் போட்டிகளில் நீ கோப்பை வாங்கியதெல்லாம் என் வசனத்தைப் பேசித்தான். பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் பேட்டி வந்தது. நடிப்பை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நீ மெட்ராஸ் நாடகக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லியிருந்தாய். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிப் போனேன். இதை உன்னிடம் நான் கேட்டதே இல்லை.

அம்மாவுக்கு நீ என்றால் உன் குரல்தான். கண் போன பிறகு எல்லாருமே அவளுக்குக் குரல்தான். உன் குரல் கட்டைக்குரல். தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து கூப்பிட்டால் ரோட்டு மேலே போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் நீ நடித்த எதிலும் அந்தக் குரல் வந்ததில்லை. முகம் காட்டுவது ஒருத்தி, மைக் முன்னால் நின்று அவளுக்காகப் பேசுவது இன்னொருத்தி. மெட்ராஸில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை, அது தொழில் வழக்கம். உன் பேச்சில் நம் பக்கத்து இழுப்பு இருந்தது. அது நகைச்சுவைக்கு ஆகும், அழுகிற காட்சிக்கு ஆகாது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

உன் முதல் விளம்பரம் ஞாபகமிருக்கிறதா? நம்ம ஊர் கிரைண்டர் கம்பெனி விளம்பரம், தியேட்டரில் இடைவேளையில் போட்டார்கள். அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். நீ மாவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாய். வாயைத் திறந்தாய். விளம்பரம் முடிந்தது.

"எப்பக் கண்ணு வருவா?"

"இப்பத்தானுங்கம்மா வந்துட்டுப் போனா."

"ஆரு, அந்தக் கீச்சுக்குரலா? அது ஆரோ. நீ செரியாப் பாரு."

பிறகு சீரியல்கள் வந்தன. சின்னச் சின்னப் படங்கள் வந்தன. கதாநாயகியின் அக்கா, கதாநாயகனின் தங்கை, விதவை, நர்ஸ். அதெல்லாம் அலுத்துப்போய், காசில்லாமல் நல்ல படம் எடுக்கிறவர்கள் பின்னால் நீ போனாய். அந்தப் படங்களை ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் தவிர யாரும் பார்க்கவில்லை. எதிலும் உன் குரல் இல்லை. அம்மா விடாமல் டிவி முன்னால் உட்காருவாள். நீ அழுதுகொண்டிருப்பாய். "இந்தப் புள்ள நல்லாத்தான் அழுகறா. நம்ம அம்மணி எப்ப வருவா?" என்பாள்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். "பேரும் அவிய வெச்சது, கொரலும் அவிய குடுத்தது. மூஞ்சி மட்டுந்தாண்ணா நம்முளுது. அதுலயும் பவுடரப் பூசிப்போடறாங்க" என்றாய். அம்மாவை நினைத்து நீ எத்தனை நொந்துபோயிருந்தாய் என்பது எனக்கு அந்தச் சிரிப்பில் தெரியவில்லை. வால்பாறைப் படத்தின்போதுதான் தெரிந்தது.

தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் வளரும் பெண்ணின் கதை. அந்த டைரக்டரின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. உன் சொந்தக் குரலிலேயே பேசவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததால்தான் நீ ஒப்புக்கொண்டாய். மழையிலும் அட்டைக்கடியிலும் லைன் வீட்டிலேயே தங்கி நடித்தாய். மலையிலிருந்து போன் செய்தாய். கீழே வீட்டுக்காரம்மா கூப்பிட்டு, நான் படியிறங்கி ஓடி வந்து எடுத்தேன்.

"அண்ணா, இந்தத் தாட்டி அம்மா என்ற கொரலக் கேப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாய். உன் குரல் அப்போது கொஞ்சம் உடைந்திருந்தது. போன் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்தது. குரல் பதிவு செய்யும் நாளில் டைரக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் குரல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, டிவியில் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள், பணம் போட்டவர் ஒத்துக்கொள்ள மாட்டேனென்கிறார் என்றாராம். உனக்குப் பேச மெட்ராஸிலிருந்து ஒரு பெண் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாளாம். எழுந்து வந்துவிடு என்று நான் கத்தினேன். நீ வரவில்லை. படம் நின்றுவிடுமாம், கூட நடித்த எஸ்டேட் ஜனங்களின் முகமெல்லாம் வீணாகிவிடுமாம். அந்த ஜனங்களை நினைத்தாய். நல்லது. வீட்டில் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே?

ஒரு வாரம் கழித்து மறுபடி நீயே கூப்பிட்டாய். இந்தத் தடவை குரலில் ஒரு கள்ளத்தனம்.

"அண்ணா, நான் அந்தப் படத்துல பேசியிருக்கறேன்."

"பேச உடலைன்னு சொன்ன?"

"எனக்குத்தான் பேச உடல. வேறொரு எடத்துல பேசியிருக்கறேன். எங்கீன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீங்க அம்மாகிட்டச் சொல்லிப்போடுவீங்க. அவங்களாக் கண்டுபிடிக்கோணும்."

"பெத்தவளுக்குப் பரீட்சை வெக்கறயா?"

"ஆமாங். வாத்தியாரு தங்கச்சியல்ல நானு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தை டிவியில் போட்டார்கள். அப்போது நான் மதுரையில் பேப்பர் திருத்தும் முகாமில் இருந்தேன். அம்மாவைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த வீட்டில் பெரிய கலர் டிவி உண்டு. உன்னை நடிக்கப் போனவள் என்று வாசற்படி ஏறவிடாத வீடு அது. உன் படம் டிவியில் வருகிறது என்றதும் பக்கத்து வீட்டு ஜனங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மாவா? படம் பாக்க உக்காந்தவ தூங்கிப்போட்டா. எம்பட ஊட்ல காத்துக்கென்ன கொறச்சல்? நல்லாத் தூங்கறா" என்றார்.

அதே பூத்திலிருந்து உனக்குப் போட்டேன். நீ முதல் மணியிலேயே எடுத்தாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுபடி கேட்டாய்.

"எப்பண்ணா தூங்குனாங்களாம்? மொதல்லயேவா, பாதிக்கு மேலயா?"

"அதெல்லாம் நான் கேக்கல அம்மணி."

"செரி, உடுங்க. மதுரைல சாப்பாடெல்லாம் எப்படீங்?"

சாப்பாட்டைப் பற்றித்தான் பிறகு பேசினோம். முதலிலேயே தூங்கியிருந்தால் அம்மா நீ பேசிய இடத்தைக் கேட்கவே இல்லை. பாதிக்கு மேல் தூங்கியிருந்தால் கேட்டும் தெரியவில்லை. நீ அதைத்தான் கேட்டாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. அந்த இடம் படத்தின் முதல் பாதியிலேயே இருக்கிறது.

ஊர் திரும்பி அம்மாவைக் கூட்டிவரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்னமோ ஓடுச்சு கண்ணு. எனக்கொண்ணும் புரியல" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் அவளுக்கு என்ன தெரியும்? அப்போதாவது நான் விடாமல் கேட்டிருக்கலாம்.

பொங்கலுக்கு நீ வந்தாய். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்தாய். நீயும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முறம் மட்டும்தான் இருந்தது. ஏன் அம்மணி கேட்கவில்லை? கேட்டு வாங்கினால் அது பதிலாகாது என்றா? அந்த ரோஷத்துக்கு யாருக்கு என்ன லாபம்?

அதற்குப் பிறகு உன்னை நான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். வெளியூர்ப் படப்பிடிப்பில் மஞ்சள் காமாலை வந்து, சீரியல் நின்றுவிடக் கூடாதென்று, மஞ்சள் தெரியாமல் கூடுதலாக மேக்கப் போட்டுக்கொண்டு நடித்தாயாம். உன்னுடன் நடித்த பெண் இதை ஏதோ வீரச்செயல் போல என்னிடம் சொன்னாள்.

கோயமுத்தூரில் உனக்கு ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வால்பாறைப் பட டைரக்டர் வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, "நளினாவின் குரல் எளிய மக்களின் குரல்" என்றார். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து வெளியே வந்து டவுன் பஸ் ஏறிவிட்டேன். அங்கேயே நின்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தினமும் நினைக்கிறேன். கேட்கவேண்டிய வார்த்தைகள்கூட வரிசையாகத் தயாராக இருக்கின்றன.

அவர்தான் பிறகு அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பினார். பல மாதம் பீரோவில் கிடந்தது. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் என்ன தோன்றியதோ, கடையில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இன்ன படம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

லைன் வீடுகளுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய். பெண்கள் குடங்களோடு நிற்கிறார்கள். வேலை போய்விட்ட செய்தியோடு நீ மேட்டிலிருந்து இறங்கி வருகிறாய். வரிசையில் நிற்கும் ஒரு கிழவி உன்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாள். நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டில் முறம் கவிழ்ந்த சத்தம் கேட்டது. அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வேகமாக வந்தாள். அவள் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"இதுதான். இதையேதான் கண்ணு அன்னிக்குச் சொன்னேன்."

"எதுங்கம்மா?"

"இப்பப் பேசுனாளே, இதுதான் நம்ம அம்மணி. உங்க பெரீப்பா ஊட்லயும் சொன்னேன். அல்லாருஞ் சிரிச்சாங்க."

அன்று நடந்ததைக் கீரை உருவிய கையைக்கூடத் துடைக்காமல் நின்றபடியே சொன்னாள். கிழவி பேசியதும் அம்மா, "அம்மணி! என்ற அம்மணி பேசறா!" என்று கத்தியிருக்கிறாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பெரியப்பா சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எஸ்டேட் கூலிக்காரி பேசறா. அவ உன்ற புள்ளையா? கண்ணுதான் போச்சுன்னு பாத்தா காதும் போயிருச்சா? நாலு சனம் இருக்கற எடத்துல நம்ம ஊட்டு மானத்த வாங்காத, சும்மா இரு" என்றிருக்கிறார். நம் வீட்டுப் பெண் நடிக்கப் போனதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவள் குரல் ஒரு கூலிக்காரியின் வாயிலிருந்து வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அம்மா அதோடு வாயை மூடிக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாளாம். அதைத்தான் அவர் தூக்கம் என்று எனக்குச் சொன்னார்.

"என்றகிட்ட ஏனுங்கம்மா சொல்லல?"

"அத்தன பேரு சொன்னாங்கல்ல. எனக்கே சந்தேகமாப் போச்சு. வயசாச்சு, காதும் போயிருச்சாட்டமிருக்குதுன்னு நெனச்சேன். பொங்கலுக்கு அவ வந்தப்பக் கேக்கலாம்னு வாயி வரைக்கும் வந்துச்சு. இல்லீங்கம்மான்னு அவளுஞ் சொல்லிப்போட்டா நான் என்ன பண்றது?"

கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். முகங்கள் தெரியாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கும் கேட்டது. சந்தேகமே இல்லை. கொஞ்சம் முதுமையைச் சேர்த்துக்கொண்டு நீ அம்மா மாதிரியே பேசியிருந்தாய்: "ஏஞ்சாமி, சோறு தின்னயா? மூஞ்சி வாடிக் கெடக்குது." அதற்குத் திரையில் நீ நின்று, யாரோ ஒருத்தியின் அழகான மெட்ராஸ் குரலில், "பசியில்லை பாட்டி" என்கிறாய். உன் குரல் உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறது. அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதே.

அப்புறமும் வாத்தியார் புத்தி விடவில்லை. அந்தப் படத்தின் சவுண்டுக்காரரைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டேன். "ஆமா சார். அந்தப் பாட்டி நிஜமான எஸ்டேட் ஆளு, பாதி மலையாளமாப் பேசுச்சு. அந்த ரெண்டு வரியை நானே பேசறேன்னு மேடம் கேட்டு வாங்கிப் பேசுனாங்க. பேசி முடிச்சு வெளிய வந்து ரொம்ப நேரம் அழுதாங்க. ஏன்னு எங்களுக்குத் தெரியல" என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். அவளுக்கு அது செய்தியாகவே தெரியவில்லை. "ஆரோ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. டெக்கையும் கேசட்டையும் எடுத்துக்கொண்டு பெருந்துறை பஸ் ஏறி, அதே கூடத்தில், அதே டிவியில் போட்டு, அத்தனை பேரையும் கேட்கவைக்க வேண்டும் என்று கிளம்பினேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கண்ணு. அவ என்றகிட்டத்தான பேசுனா? அவியளுக்கு என்னத்துக்கு அது?"

அம்மா பேச்சை மீறி நான் போகவில்லை. ஆனால் நான் அம்மா அளவுக்கு நல்லவன் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கிறேன். பெரியப்பா வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். இப்போது அந்தக் கூடத்தில் மாலை போட்டு உன் போட்டோ மாட்டியிருக்கிறதாம். வருகிறவர்களிடம் எங்கள் வீட்டுப் பெண் என்று காட்டுகிறாராம். அவர் இதைப் படிக்கட்டும். அல்லது யாராவது படித்துக் காட்டட்டும்.

அவருக்குச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது என்பதும் தெரியாமலில்லை. சொல்லியிருக்க வேண்டியது உனக்கு. ஒரே ஒரு போன். அம்மாவை அந்த வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு அவள் வாயால் கேட்டிருந்தால் போதும். நீ எந்த எண்ணத்தோடு மஞ்சள் முகத்தில் மேக்கப் போட்டுக்கொண்டாய், பெற்றவளுக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை என்றா? இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை.

இரண்டாவது வார்த்தையிலேயே அம்மா உன்னைக் கண்டுபிடித்துவிட்டாள், அம்மணி. கூடம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நான் சொன்ன பதிலை எடுத்துப் போட்டுவிடு.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா இருக்கிறவரைக்கும் அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன கேட்டது, என்ன வேண்டும் என்பதை இனி இன்னொருத்தர் வாயால் கேட்டுக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமே கேட்பேன். அவள் சொல்வது எனக்குச் சரியாகப் படாவிட்டாலும் சிரிக்கமாட்டேன், திருத்தமாட்டேன். நாளைக்குக் காலையிலிருந்து.

உன் கூடப் பிறந்த,
அண்ணன்.